மூன்று எண் வாங்கினால் ஒரு ஆள் இலவசம்

ஆபரேஷன் தியேட்டர் வாசலில், பச்சை அங்கியில், ஆளுக்கொரு ஸ்ட்ரெச்சரில் நானும் வடிவு அக்காவும் படுத்திருந்தபோது, என் அக்கா ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம் என்று கம்ப்யூட்டர் சொன்னது.

அதுவரை எங்களுக்கு அப்படியொரு சந்தேகம் வந்ததில்லை. அக்கா பாளையங்கோட்டையில் ஒரு டிரைவிங் ஸ்கூலில் வேலை பார்க்கிறாள். பயந்த ஆண்களுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பவள். அவளுடைய சிறுநீரகங்கள் இரண்டும் கைவிட்டுவிட்டன. அப்பா இல்லை. அம்மாவுக்குச் சர்க்கரை. மிச்சம் நான். என்னிடம் இரண்டு நல்ல சிறுநீரகங்களும், பி.காம். மூன்றாம் ஆண்டில் நான்கு அரியர்களும் இருந்தன. சிறுநீரகத்தில் ஒன்றை வாங்கிக்கொள்ள அக்கா சம்மதித்தாள். "அரியர நீயே வச்சுக்கோ" என்றாள்.

ஆபரேஷனுக்கு முன் மூன்று பேருடைய எண் அட்டையையும் ஒன்றாக வைத்துச் சரிபார்ப்பார்கள். கொடுப்பவர், வாங்குபவர், அறுப்பவர். டாக்டர் தன் சொந்தக் குடும்பத்தாரை அறுக்கக் கூடாது என்று விதி. என் அட்டைக்குப் பச்சை விளக்கு எரிந்தது. அக்கா அட்டையையும் டாக்டர் சிவசைலத்தின் அட்டையையும் சேர்த்து வைத்ததும் சிவப்பு எரிந்தது. சிஸ்டர் இரண்டு அட்டையையும் புடவைத் தலைப்பில் துடைத்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடியும் சிவப்பு.

"டாக்டர், நீங்க பேஷன்ட்டுக்குள்ள இருக்கீங்கன்னு வருது."

டாக்டர் கையைக் கழுவிவிட்டு, ஈரக் கையை மேலே தூக்கியபடி நின்றிருந்தார். "நான் இன்னும் உள்ளயே போகலையேம்மா" என்றார்.

நான் பள்ளிக்கூடத்தில் இருந்தபோது எண் வாரியம் வந்தது. விரல் ரேகை தேயும், கண் மங்கும், முகம் மாறும், எண் மட்டும் மாறாது என்று சொல்லி மற்ற அடையாளங்கள் எல்லாவற்றையும் ஒழித்துவிட்டார்கள். ஆளுக்கு ஒரு பகா எண். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண். ஏழு, பதினொன்று போலச் சின்னது இல்லை. அட்டையில் ஐந்து வரிக்கு ஓடும். வீட்டில் உள்ள எல்லாருடைய எண்ணையும் பெருக்கினால் குடும்ப எண். அந்தப் பெருக்கலிலிருந்து யாரும் ஓடிப்போக முடியாது, வெளியாள் நுழையவும் முடியாது. ஒரே ஆள் இரண்டு குடும்பத்தில் இருந்தால், இரண்டு குடும்ப எண்ணையும் அவர் எண் மீதியில்லாமல் வகுத்துவிடும். திட்டம் வந்த புதிதில் எங்கள் தெருவில் இரண்டு பெரிய மனிதர்கள் அப்படி மாட்டிக்கொண்டார்கள். அதனால் தாய்மார்களிடம் வாரியத்துக்கு நல்ல பெயர்.

இப்போது டாக்டரின் எண் அக்காவின் எண்ணை மீதியில்லாமல் வகுத்தது. ஆகவே அக்கா பகா எண் இல்லை. பகா எண் இல்லாதது ஆள் இல்லை. பெருக்கி வந்தது, எனவே குடும்பம். அந்தக் குடும்பத்தில் டாக்டர் ஒரு உறுப்பினர்.

அக்கா தலையைத் தூக்கி, "ஏலே பிரம்மு, என்னலே சொல்லுதாவ?" என்றாள். என் முழுப் பெயர் பிரம்மநாயகம். அதைச் சொல்ல அவளுக்கு மூச்சு போதாது.

"நீ ஆள் இல்லையாம்க்கா. குடும்பமாம்."

"கல்யாணமே ஆவலியேலே" என்றாள்.

சிரித்தது நான் மட்டும்தான். டாக்டர் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து நானும் நிறுத்தினேன்.

"வேற டாக்டர் பண்ணக் கூடாதா சார்?"

"யார் பண்ணாலும் இனிமே இந்த எண் எங்க வச்சாலும் சிவப்புதான். ஒரு தடவை தெரிஞ்சா எல்லா மெஷினுக்கும் தெரிஞ்சுரும். தியேட்டர் லைட்டு, மயக்க மெஷின் எல்லாமே எண்ணக் கேட்டுத்தான் ஓடும் தம்பி."

டயாலிசிஸாவது செய்யலாம் என்று அக்காவைத் தள்ளிக்கொண்டு போனோம். வாரத்துக்கு மூன்று முறை அவள் உயிரைப் பிடித்து வைத்திருந்த மெஷின் அது. அட்டையை வைத்ததும், 'குடும்பங்களுக்கு இச்சேவை இல்லை. உறுப்பினரைத் தனியே அழைத்து வரவும்' என்று மரியாதையாகச் சொன்னது. கட்டிலும் எண்ணுக்குத்தான் என்பதால் அதையும் காலி செய்யச் சொன்னார்கள். வராந்தா பெஞ்சில் அம்மாவின் மடியில் தலை வைத்து அக்கா படுத்துக்கொண்டாள். தரையில் தொங்கிய கால் வீங்கியிருந்தது. கொலுசு சதைக்குள் புதைந்திருந்தது.

டாக்டர் என்னைத் தனியாக அழைத்துப் போனார். "ரத்தத்துல பொட்டாசியம் ஏறிட்டே இருக்கும். ரெண்டு நாள் தாங்குவா. அதுக்கு மேல இதயம் எப்ப நிக்கும்னு யாராலயும் சொல்ல முடியாது."

"வாரியத்துல புது எண் கேட்டா?"

"விண்ணப்பம் ஆள்தான் போடணும்" என்றார்.

ஜெனிட்டாவைக் கூப்பிட்டேன். எங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. கணிதம். என் நான்கு அரியர்களில் ஒன்று புள்ளியியல் என்பதால் பழக்கம். தூத்துக்குடி பஸ்ஸிலிருந்து இறங்கி, லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நேராக ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வந்தாள். அக்காவின் அட்டையைக் கொடுத்தேன். டீ ஆறி ஆடை கட்டும் வரை எதையோ தட்டிக்கொண்டிருந்தாள்.

"இது டெஸ்ட்டெல்லாம் பாஸ் பண்ணி வந்த எண்தாம்லே. ஆனா பாஸ் பண்ணுறதுக்காகவே செஞ்ச எண்."

"புரியிற மாதிரி சொல்லு. எங்க அக்கா செத்துக்கிட்டு இருக்கா."

"இவ்வளவு பெரிய எண்ண ஒவ்வொண்ணா வகுத்துப் பாக்க முடியாது, உலகமே முடிஞ்சிரும். அதனால வைவா மாதிரி குறுக்குக் கேள்வி கேப்பாங்க. ஒரு சின்ன எண்ண வச்சு ஒரு கணக்கு போடச் சொல்லுவாங்க. மீதி ஒண்ணுன்னு வந்தா பாஸ். ரெண்ட வச்சுக் கேளு, மூண வச்சுக் கேளு, எல்லாத்துக்கும் ஒண்ணுன்னு வந்தா, சரி இது பகா எண்ணுன்னு சீல் குத்திருவாங்க. டூப்ளிகேட்டெல்லாம் ரெண்டாவது கேள்விலயே உளறிரும். சிலது மட்டும் உளறவே செய்யாது."

கேன்டீன் காகிதத்தில் 1729 என்று எழுதினாள்.

"இது டாக்ஸி நம்பர்லா." கணித மேதை ஒருவர் டாக்ஸி நம்பரில் அதிசயம் கண்ட அந்தக் கதை பி.காம்.காரனுக்கும் தெரியும்.

"எல்லாப் பயலும் டாக்ஸியோட நிறுத்திக்கிடுவீங்க. கதவத் தொறந்து உள்ள பாருலே. ஏழு, பதிமூணு, பத்தொம்பது. மூணையும் பெருக்குனா இது. ஆனா வைவால ரெண்டு, மூணு, அஞ்சு, நூறு, எத வச்சுக் கேட்டாலும் ஒண்ணு, ஒண்ணு, ஒண்ணுன்னே சொல்லும். மூஞ்சியே மாறாது."

"அப்ப எப்படித்தான் மாட்டும்?"

"ஏழ வச்சுக் கேக்கணும். இல்ல பதிமூண வச்சு, பத்தொம்பத வச்சு. அப்பத்தான் முழிக்கும். அதோட சொந்தக்காரங்க மட்டுந்தான் அதக் காட்டிக்குடுக்க முடியும். வேற யாரு கேட்டாலும் நல்ல பிள்ளை."

ஈரக் கையைத் தூக்கிக்கொண்டு நின்ற டாக்டர் சிவசைலம் ஞாபகத்துக்கு வந்தார்.

"இது தானா நடந்திருக்குமா?"

"நடக்கவே நடக்காது. ஏழுல ஒண்ணு கழி."

"ஆறு."

"பதிமூணுல?"

"பன்னெண்டு. பத்தொம்பதுல பதினெட்டு." புள்ளியியல் வகுப்பில் இந்த அளவுக்குப் பதில் சொல்லியிருந்தால் நான் எப்போதோ பாஸ்.

"ஆற ஒரு பங்குன்னு வச்சா, ஒரு பங்கு, ரெண்டு பங்கு, மூணு பங்கு. இந்தக் கணக்குல அமைஞ்ச மூணு பகா எண்ணப் பெருக்குனா, எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்த வைவால கட்டாயம் பாஸ். உங்க அக்கா எண் அப்படித்தான் இருக்கு. காண்ட்ராக்டருக்குப் பெரிய பகா எண்ணாத் தேட நேரம் இல்ல. முதல்ல குடுத்த சின்ன எண் மூண எடுத்துப் பெருக்கி, நாலாவதா ஒரு ஆளச் செஞ்சுட்டான்."

"மூணு வாங்குனா ஒண்ணு இலவசம்."

"ஆடித் தள்ளுபடி மாதிரி" என்றாள்.

சின்ன எண் என்றால் என்ன என்று எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். திட்டம் தொடங்கிய அன்று மேடையில் வாங்கியவர்களுக்கு அட்டையில் இரண்டே வரி. அதிகாரிகள், டாக்டர்கள், கடை முதலாளிகள். கல்யாணத் தரகர்கள் 'பையனுக்கு ரெண்டு வரி' என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள். நாங்கள் கடைசி நாள் முகாமில், ஒரு கல்யாண மண்டபத்தில், சாப்பாட்டுப் பந்திக்கு நிற்பதுபோல வரிசையில் நின்று ஐந்து வரி வாங்கினோம். நீளமாக இருக்கிறதே என்று அம்மா சந்தோஷப்பட்டாள்.

என் அட்டையை எடுத்து ஜெனிட்டாவிடம் நீட்டினேன். "நானும் அதே வரிசைல அக்காவுக்குப் பின்னாடி நின்னவன்தான். என்னையும் பாத்துரு."

அவள் லேப்டாப்பைப் பாதி மூடினாள். "மாட்டேன்."

"ஏன்?"

"நீதான குடுக்கப் போறவன்? பாத்து நீ ஆளு இல்லைன்னு வந்துட்டா, உன் வயித்துல இருக்கது கிட்னி இல்ல, குடும்பச் சொத்து. தெரியாத வரைக்கும் நீ ஆளு. அப்படியே இரு."

பிறகு அவள் அக்காவின் எண்ணிலிருந்து மூன்று பகா எண்களையும் பிரித்து, வாரியத்தின் தேடல் பக்கத்தில் ஒவ்வொன்றாகப் போட்டாள். மூன்று பங்குக் கணக்கில் வந்தவர் டாக்டர் சிவசைலம். இரண்டு பங்குக்காரர் அதிசயராஜ், உதவி இயக்குநர், எண் வாரியம், திருநெல்வேலி. ஒரு பங்குக்காரர் மரகதவல்லி. பால்: பெண். பணி: திருக்கோயில். எடை: மூவாயிரத்து நானூறு கிலோ.

"எடையத் தப்பா அடிச்சிருக்கான்" என்றேன்.

"தப்பில்லலே. அது யானை."

தொடக்க விழாவில் முதல் அட்டையை யார் வாங்குவது என்று இரண்டு பிரமுகர்களுக்குள் தகராறு வந்து, மைக்கைப் பிடுங்கும் அளவுக்குப் போனது. மாலை போட அழைத்து வந்திருந்த கோயில் யானைக்கு அதைக் கொடுத்து முடித்து வைத்தார்கள். கூட்டம் கைதட்டியது. கொடுத்த எண்ணைத் திரும்ப வாங்க விதி இல்லை. மாநிலத்திலேயே சின்ன எண் இன்றுவரை மரகதவல்லியுடையதுதான்.

மறுநாள் வாரிய அலுவலகத்தில் அதிசயராஜ் சார் எங்களை உட்காரச் சொன்னார். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். அக்காவின் எண்ணைத் தன் கம்ப்யூட்டரில் போட்டதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஏம்ப்பா, உங்க அக்கா எனக்குச் சொந்தம்னு வருதே?"

"ஆமா சார். நீங்க ரெண்டு பங்கு" என்றாள் ஜெனிட்டா. எல்லாவற்றையும் சொன்னாள். கேட்கக் கேட்க அவருக்கு வியர்த்தது. அக்காவுக்காக இல்லை என்பது என் அபிப்பிராயம். தன்னைவிட யானை சின்ன எண் என்பதை அவரால் ஜீரணிக்க முடியவில்லை.

"பொங்கலுக்கு முன்னால முடிச்சாகணும்னு மேல இருந்து நெருக்குனாங்க. காண்ட்ராக்டர் டெஸ்ட் ரிசல்ட் காட்டுனாரு. எல்லாம் பாஸ். நாங்க வேற என்னத்தப் பாக்க?" என்றார். "சொந்தக்காரங்க கேஸ நான் தொடவும் கூடாது. சென்னைக்குத்தான் அனுப்பணும்."

"நாளைக்கு அவ இருக்க மாட்டா சார்."

"ஒரே ஒரு கேஸ்னா விதியில இடமே இல்லப்பா. ஆயிரம் கேஸ் இருந்தா சொல்லு, அரசாணை வாங்கலாம். எல்லாருக்கும் புது எண் வந்துரும். அப்படி வேற யாரும் இருக்காங்களா?"

ஜெனிட்டா என்னைப் பார்த்தாள். அந்தக் கல்யாண மண்டப வரிசை முழுக்க அவள் லேப்டாப்பில் கொஞ்ச நேர வேலை. வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர்களை நினைத்துப் பார்த்தேன். பழக்கடை ஆச்சி. பால்காரர். டயாலிசிஸ் வார்டில் அக்காவுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவளிடம் ரிவர்ஸ் எடுப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டே இருக்கும் மீனாட்சிபுரத்துக்காரர்.

"அரசாணை வர எவ்வளவு நாள் ஆகும் சார்?"

"வேகமா வந்தா ஒரு வருஷம்."

"அதுவரைக்கும் அந்த ஆயிரம் பேரு?"

"நிறுத்தி வைக்கணும். ரேஷன், ஆஸ்பத்திரி எல்லாம். ஆளா இல்லையான்னு தெரியாம எப்படிக் குடுக்க?"

போன் அடித்தது. அம்மா. அக்கா வாந்தி எடுக்கிறாளாம். நெஞ்சு படபடவென்று அடிக்கிறதாம். அக்காவிடம் கொடுக்கச் சொன்னேன். "சொல்லுலே" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவள் கிண்டல் செய்யாமல் என்னிடம் பேசியது அதுதான் முதல் முறை.

"தம்பி, கேட்டனே. வேற யாரும் இருக்காங்களா?"

வாயில் வந்த ஆயிரம் பேரையும் விழுங்கினேன். "இல்ல சார். ஒரே கேஸ்தான்."

அப்புறம் நான் செய்தது எனக்கே அழகாகப் படவில்லை. மேசைக்கு அடியில் புகுந்து அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் பதறி நாற்காலியோடு பின்னால் நகர, நாற்காலிக்குச் சக்கரம் இருந்ததால் நானும் கூடவே போனேன். சுவர் வந்துதான் இரண்டு பேரும் நின்றோம்.

ஜெனிட்டா நாங்கள் இருந்த கோலத்தைப் பார்க்காததுபோல, "சார், ஒரு சந்தேகம். குடும்பத்துக்குன்னு ஒரு கிட்னி வந்தா, அது யாருக்குப் போகும்?" என்றாள்.

"குடும்பத்துக்கு எப்படிம்மா கிட்னி வரும்?"

"வந்தா?"

அவர் காலை விடுவித்துக்கொண்டு கம்ப்யூட்டருக்குத் திரும்பினார். சட்டம் என்று வந்துவிட்டால் அவருக்கு மற்றது மறந்துவிடும். "குடும்பத் தலைவர் நியமிக்கிற உறுப்பினருக்குப் போகும். தலைவர்னா, மூத்த ஆண் உறுப்பினர்…" திரையைப் பார்த்தார். "நான்தான்."

"அப்ப நியமிங்க சார். மூணு பேர்ல ஒருத்தர."

"எனக்கு வேண்டாம்மா! எனக்கு ரெண்டும் நல்லாருக்கு."

"டாக்டர்?"

"அவர அவரே அறுக்க முடியாதுல்ல."

"மிச்சம்?"

அவர் திரையில் மூன்றாவது பெயரைப் படித்தார்.

"யானைக்கா?" என்றார்.

"யானை எண்ணுக்கு சார். மெஷினுக்கு எண்தான தெரியும். மேசைல படுக்கப் போறது யாருன்னு அது எட்டியா பாக்கப் போவுது? அட்டை தொலைஞ்சு போச்சுன்னா குடும்பத் தலைவர் நகல் எடுத்துக்கலாம்னு உங்க போர்டுலயே போட்டிருக்கு. டாக்டர் எண்ணும் யானை எண்ணும் ஒண்ண ஒண்ணு வகுக்காது. பச்சை விளக்குதான் எரியும்."

"மாட்டுனா என் வேலை போயிரும்மா."

"யாரு சார் காட்டிக்குடுப்பா? அவங்க சொந்தக்காரங்க மட்டுந்தான் காட்டிக்குடுக்க முடியும். நீங்க, டாக்டர், யானை."

அவர் கண்ணாடியை மாட்டினார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு ஒரே ஒரு விரலால், சூடான தோசைக்கல்லைத் தொடுவதுபோல, பொத்தானைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டார்.

டாக்டர் சிவசைலம் மறுப்பார் என்று நினைத்தேன். நகல் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இந்தப் பெருக்கல், வகுத்தல் எனக்கு ஒண்ணும் புரியல. இது தப்புங்கிறது மட்டும் புரியுது" என்றார். வராந்தா பெஞ்சில் அக்கா வாயைத் திறந்து மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தாள். அவர் அந்தப் பக்கம் ஒரு தடவைதான் பார்த்தார். "நான் அவளுக்குள்ள இருக்கேன்னு உங்க கம்ப்யூட்டர்தான சொல்லுது. இருக்கிறவன் சும்மா இருக்க முடியாது. ஸ்ட்ரெச்சர எடுங்க."

டயாலிசிஸ் மெஷின் மரகதவல்லியை வரவேற்றது. பொட்டாசியம் இறங்கியது. மறுநாள் காலை மறுபடியும் பச்சை அங்கி, ஆளுக்கொரு ஸ்ட்ரெச்சர். மூன்று அட்டைகள். அக்காவின் விரல்கள் என் விரல்களைப் பிடித்திருந்தன. என் அட்டைக்கு விளக்கு எரிய ஒரு கணம் தாமதமானது. அந்த ஒரு கணத்தில் கல்யாண மண்டபத்தில் நின்றவர்கள் அத்தனை பேரும் என் வயிற்றுக்குள் வரிசை கட்டினார்கள். பச்சை. பச்சை. பச்சை.

"ஏலே, யானை ஓட்ட லைசென்ஸ் வேணுமாலே?" என்றாள் அக்கா. அவள் பிழைத்துக்கொள்வாள் என்று அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது.

உள்ளே ஒரு சின்னக் குழப்பம் நடந்ததாகப் பிற்பாடு சிஸ்டர் சொன்னார். மயக்க மெஷின் நோயாளியின் எடையைப் படித்துவிட்டு, இருக்கிற மருந்து போதாது, இன்னும் நாலு வாளி வேண்டும் என்கிற கணக்கில் அலறியிருக்கிறது. மயக்க மருத்துவர் அதன் வயரைப் பிடுங்கிவிட்டு, அந்தக் காலத்து டாக்டர்கள் மாதிரி கையால் அளந்து கொடுத்திருக்கிறார்.

இது நடந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. என் சிறுநீரகம் அக்காவிடம் என்னைவிட ஒழுங்காக வேலை செய்கிறது. அவள் மறுபடியும் இரண்டாவது பிரேக்கை மிதிக்க வேலைக்குப் போகிறாள். அட்டையில் இரண்டே வரி என்பதால் தரகர்கள் வீட்டுக்கு வருகிறார்கள். மாநிலத்திலேயே சின்ன எண் என்று ஒரு தரகர் அம்மாவைக் கையெடுத்துக் கும்பிட்டார். பெண்ணின் எடையை மட்டும் யாரும் தேடிப் பார்க்காமல் பார்த்துக்கொள்கிறோம்.

எனக்குப் புதிதாகப் பக்தி வந்துவிட்டது. தினமும் கல்லூரிக்குப் போகும் வழியில் கோயிலுக்குள் போய், சாமியை விட்டுவிட்டு யானையைப் பார்த்துவிட்டு வருவேன். சாப்பிட்டதா, தூங்கியதா, லத்தி சரியாகப் போட்டதா என்று சங்கிலி என்ற பாகனிடம் விசாரிப்பேன். "பெத்த தாயக்கூட எவனும் இப்படி விசாரிக்க மாட்டான்" என்று அவர் கண் கலங்கினார்.

போன வாரம் மரகதவல்லி இருமியது.

யானை இருமி நான் கேட்டதில்லை. வெண்கலப் பாத்திரக் கடையை யாரோ மாடியிலிருந்து தள்ளிவிட்ட மாதிரி இருந்தது. இரண்டாம் நாள் தென்னை ஓலையைத் தொடவில்லை. சங்கிலி அதைக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு நடத்திக்கொண்டு போனார். பின்னாலேயே நானும் போனேன். அங்கிருந்த டாக்டர் நுரையீரலில் சளி என்றார். மருந்து எழுத எண்ணைப் போட்டார். சிவப்பு. 'இவருக்கு மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டுள்ளது. இவர் உட்கொள்ளும் மாத்திரைகளுடன் இம்மருந்து சேராது.'

சங்கிலி என்னைப் பார்த்தார். "தம்பி, நான் கூடவேதான் கெடக்கேன். எனக்குத் தெரியாம எப்பய்யா கிட்னி மாத்துனாவ?"

நான் யானையின் துதிக்கையைத் தடவிக் கொடுத்தேன். அந்த மருந்தை வற்புறுத்தி அந்த எண்ணில் ஏற்றினால், அக்காவின் மாத்திரையை மெஷின் நிறுத்திவிடும். நிறுத்தினால் அவள் உடம்பு என் சிறுநீரகத்தை வெளியே தள்ளிவிடும். மருந்து கொடுக்காவிட்டால் யானை செத்துப்போகும். யானை செத்தால் அன்றைக்கே கோயில் நிர்வாகம் எண்ணை ஒப்படைத்து இறப்பைப் பதிவு செய்யும். ஊர்வலம், மாலை, தெருவெல்லாம் கண்ணீர் அஞ்சலி போஸ்டர். என் அக்கா இறந்துபோகும் நாளில் ஊரே திரண்டு வரும், எங்களைத் தவிர யாருக்கும் அது தெரியாது. அடுத்த டயாலிசிஸோ மாத்திரையோ கட்டிலோ கேட்டு ஒரு இறந்தவர் போய் நிற்க முடியாது.

ஜெனிட்டாவிடம் சொன்னேன். "மருந்து வேற யாரு பேருலயாவது வாங்கணும்" என்றாள். யார் பேரில் என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இன்று காலை அக்கா என்னை எல் போர்டு காரில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு மருந்துக் கடை வாசலில் இறக்கினாள். எதற்கு என்று அவளிடம் சொல்லவில்லை. எனக்கு இருமல் என்று சொன்னேன்.

கடைக்காரர் வயதானவர், திருநீறு பூசியிருந்தார். யானையின் மருந்தை என் பேரில் எழுதியிருந்த சீட்டை வாங்கிப் பார்த்தார்.

"இம்புட்டு மாத்திரையா? யாருக்கு தம்பி?"

"எனக்குத்தான் அண்ணாச்சி. இருமல்."

"வந்ததுலருந்து ஒரு தடவகூட இருமலியே?"

இருமிக் காட்டினேன். அவருக்குத் திருப்தி இல்லை என்றாலும் எழுந்து போய் டப்பா டப்பாவாக எடுத்து அடுக்க ஆரம்பித்தார். அப்போதுதான் அவருக்குப் பின்னால் இருந்த சுவரைப் பார்த்தேன். முருகன் படத்துக்கும் லட்சுமி படத்துக்கும் நடுவில், கண்ணாடிச் சட்டம் போட்டு, சீரியல் பல்பு சுற்றி, ஒரு எண் மாட்டியிருந்தது. இரண்டே வரி.

நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மொத நாள் மேடைல வாங்குனது" என்றார். "யானைக்கு அப்புறம் பதினோராவது ஆளு நான்."

மாத்திரைகளைக் கட்டிவைத்துவிட்டுத் தன் அட்டையை எடுத்து மெஷின் மேல் வைத்தார். "வீரியமான மருந்து பாத்தீங்களா. விக்கிறவன் அட்டையும் வாங்குறவன் அட்டையும் சேத்து வைக்கணும்னு சட்டம்." எனக்காகக் கையை நீட்டினார்.

அந்த இரண்டு வரியை மறுபடி படித்தேன். என் ஐந்து வரிக்குள் இதுவும் இருக்கிறதா என்று வகுத்துப் பார்க்க எனக்குத் தெரியாது. வெளியே அக்கா ஹார்ன் அடித்தாள். பக்கத்து சீட்டில் யாரோ பயந்தவனுக்கு கிளட்ச் எது, பிரேக் எது என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அதற்கும் மேலே, இரண்டு தெரு தள்ளி, கோயில் பக்கமிருந்து அந்த வெண்கலச் சத்தம் வந்தது. கடைக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"பாவம், யானைக்கு என்னமோ செய்யுது" என்றார்.

"ஆமா அண்ணாச்சி" என்று அட்டையை நீட்டினேன்.